வாசலிலேயே நிற்கும் கோப்பு

1992 மார்ச் 11. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் நதானியல் போரன்ஸ்டீன், தான் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் ஒரு மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பினார். நெட் ஃப்ரீடும் அவரும் வகுத்த முறை அது. படம் போன வழியில் நிரலும் போகலாம்.

அந்த மின்னஞ்சலை எங்கிருந்தும் திறக்கும் வழி அடுத்துப் பிறந்தது. பெங்களூரில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் பள்ளியில் படித்த சபீர் பாட்டியா பின்னர் கலிஃபோர்னியாவில் பொறியாளரானார். நண்பர் ஜாக் ஸ்மித்தோடு சேர்ந்து தனித் தொழில் தொடங்கத் திட்டம். அதைப் பற்றி எழுதிக்கொள்ளத்தான் வழியில்லை. அலுவலக ஃபயர்வால் அவர்களின் சொந்த மின்னஞ்சலை மறித்தது. பிரவுசரிலேயே அஞ்சலைத் திறந்தால்? அந்த யோசனை 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயிலாக வெளிவந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவருக்கும் இலவசமாக ஓர் அஞ்சல்பெட்டி. யார் வேண்டுமானாலும் எதையும் போடக்கூடிய பெட்டி!

1999 ஜனவரியில் ‘ஹேப்பி99.இஎக்ஸ்இ’ என்ற நச்சு நிரல் மின்னஞ்சல் இணைப்பாக வந்தது. திறந்தால் திரையில் வாணவேடிக்கை. அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே விண்டோஸின் இணையத் தொடர்புக் கோப்பை அது மாற்றிவிடும். அதன்பின் யாருக்கு அஞ்சல் எழுதினாலும், பின்னாலேயே அதன் நகலும் போய்ச் சேரும். பெரிய சேதம் இல்லை. அடுத்த ஆண்டு வந்தது அப்படி விடவில்லை.

2000 மே 4. மணிலாவிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற நச்சு நிரல் மின்னஞ்சலில் கிளம்பியது. இணைப்பின் பெயர் காதல் கடிதம், முடிவில் ‘டிஎக்ஸ்டி’. அதற்கும் பின்னால் ‘விபிஎஸ்’ என்று இன்னொரு வால் இருந்தது. அறிந்த வகைக் கோப்புகளின் வாலை விண்டோஸ் மறைத்துவிடுமாதலால், ஓடும் நிரல் வெறும் எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. கிளிக் செய்தவரின் படங்கள் அழிந்தன. அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தன்னை அனுப்பிக்கொண்டது. கொடுமை இதில்தான்: அனுப்பியவர் அந்நியர் அல்ல, பக்கத்து மேசைக்காரர். முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்ற எச்சரிக்கை ஒரே நாளில் செல்லாக்காசானது. எழுதியவரைத் தண்டிக்க பிலிப்பைன்ஸில் அப்போது சட்டமே இல்லை. இந்தியாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த அக்டோபர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை யார் காப்பது?

ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்குக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. ஓடும் வகைக் கோப்பு வந்தால், பயனர் விரும்பினாலும் திறக்க முடியாது. கெடுபிடி அதிகம் என்ற முணுமுணுப்பு நியாயமானதே. ஆனால் வேறு வழி மிச்சமில்லை. தடையைத் தாண்டப் பிறந்த வலை அஞ்சலும் கடைசியில் தடை போட வேண்டியதாயிற்று. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பொறியாளர் தன் கையால் எழுதிய நிரலை ஜிப்பில் சுருட்டி ஜிமெயிலில் இணைத்தாலும், ‘பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி வருகிறதே, அது பிறந்த கதை இதுதான்.