கிரீஸா, ஆயிலா: எங்க கொட்டாயில நிக்கிற மெட்ராஸ் கார்

எங்க மாட்டுக் கொட்டாயில பாதி இடத்தை ஒரு கார் பிடிச்சுக்கிட்டு நாலு வருஷம் ஆகுது. பசு ரெண்டும் அதுக்குப் பழகிடுச்சு. வீட்டுக்காரிதான் இன்னும் பழகல. "இந்த இடத்துல இன்னொரு கறவை கட்டியிருந்தா பாலாவது வந்திருக்கும்"னு தினம் ஒரு தடவை சொல்லிடுவா.

கார் பேரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1967-ஆம் வருஷத்து வண்டி, ரெண்டே கதவு. நம்பர் எம்.எஸ்.னு ஆரம்பிக்கும், மெட்ராஸ் ஸ்டேட்டுன்னு பேர் இருந்த காலத்து நம்பர். திண்டிவனத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு வேப்பமரத்தடியில 20 வருஷத்துக்கு மேல நின்னுது. பின் சீட்டுல கோழி அடை வச்சிருந்துது. 2019-ல மல்லாட்டை வித்த காசுல 35,000 ரூபா குடுத்து, டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்தேன். மறு வருஷம் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுல உட்கார்ந்தப்பதான் ஸ்பேனரைக் கையில எடுத்தேன். பம்புசெட்டு இன்ஜினைப் பிரிச்சு மாட்டுற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவுல ஐ.டி.ஐ. முடிச்ச பையன் ஒருத்தன் கூட நின்னான்.

ஏன் இந்தக் காருன்னு கேட்பீங்க. எங்க பெரியப்பாவாலதான். அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல காரோட கதை, ஏன்னா இது நம்ம ஊரு கார். சென்னையில இருக்கிற பல பேருக்கே இது தெரியறதில்ல.

ஜி.எஸ்.டி. ரோட்டுல தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர் வழியா நீங்க எத்தனை முறை போயிருப்பீங்க. இப்போ பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடமும் அடுக்குமாடி வீடுமா இருக்கிற அந்தப் பக்கத்துலதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்துது. இங்கிலாந்துல கவென்ட்ரி ஊர்ல இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும், மெட்ராஸ்ல கார் வியாபாரம் பண்ணின யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-ல ஆரம்பிச்சது. முதல்ல வேன்கார்டுன்னு ஒரு காரை இங்கே பூட்டி வித்தாங்க. அப்புறம் ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட். 1961-ல ஹெரால்டு.

1953-ல டாரிஃப் கமிஷன், உதிரி பாகத்தைக் கப்பல்ல கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விக்கிறது போதாது, படிப்படியா இங்கேயே செய்யணும்னு சொல்லிடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்த வருஷமே பம்பாய்ல கடையைக் கட்டிடுச்சு. ஃபோர்டும் போயிடுச்சு. கடைசியில நாட்டுக்கே மூணு கார்தான் மிச்சம்: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், மெட்ராஸ்ல ஹெரால்டு. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பேர் எழுதி வச்சிட்டு வருஷக் கணக்குல காத்திருந்தாங்க. ஹெரால்டு கொஞ்சம் சீக்கிரம் கிடைச்சுது. அதுக்குக் காரணம் இருந்துது, அதுவும் வரும்.

ஒரு விவசாயியா எனக்கு ரொம்பப் பிடிச்ச சேதி ஒண்ணு. நம்ம ஊர்ல ஓடுற மேஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர் இருக்கே, அதோட தாத்தா சாம்பல் கலர்ல சின்னதா ஒரு டிராக்டர். டி.இ.20-ன்னு பேரு. 1946-லிருந்து 1956 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. அதை கவென்ட்ரியில செஞ்சு குடுத்தது இதே ஸ்டாண்டர்டு கம்பெனிதான். அந்த டிராக்டர்ல வச்ச இன்ஜினும் வேன்கார்டு கார் இன்ஜினும் ஒரே குடும்பம். 1960-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி, மேஸ்ஸி ஃபெர்குசனோட சேர்ந்து டிராக்டர் செய்ய வந்துது. அப்படிப் பார்த்தா எங்க கழனியில உழுற வண்டியும் கொட்டாயில நிக்கிற வண்டியும் பங்காளிங்க.

ஹெரால்டை நாங்க பிரிக்க ஆரம்பிச்ச முதல் நாளே ஆச்சரியம். கூரையை போல்ட்டு கழட்டித் தனியா தூக்கிட்டோம், ரெண்டே பேர். முன்பக்கம் போனட்டு மட்டும் இல்ல, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே மூடியா முன்னால சாயுது. முன் சக்கரத்து மேலயே உட்கார்ந்துக்கிட்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். பாடியோட முன் பாதி வேற, பின் பாதி வேற. எல்லாம் சேசிஸ் மேல போல்ட்டுல நிக்குது. மாட்டு வண்டியில பாரு தனி, அச்சு தனின்னு கழட்டுவோமே, அப்படி.

இப்படிச் செஞ்சது அழகுக்காக இல்ல, வேற வழி இல்லாம. ஸ்டாண்டர்டுக்குக் காரோட பாடியை அடிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோங்கிற கம்பெனி. 1953-ல அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. முழுப் பாடியை ஒரே இடத்துல அடிச்சு வாங்க முடியல. அதனால தனி சேசிஸ் ஒண்ணு செஞ்சுக்கிட்டு, பாடியைத் துண்டு துண்டா பல இடத்துல அடிச்சு வாங்கி போல்ட்டுல பூட்டிட்டாங்க. மேல் உருவத்தைப் போட்டுக் குடுத்தவர் இத்தாலிக்காரர், ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959-ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்துது. நம்ம ஊர்ல மட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எப்பவோ அவங்களுக்கு வந்த கஷ்டத்தாலதான் இன்னிக்கு எட்டாவது படிச்ச கூலியாளையும் ஐ.டி.ஐ. பையனையும் வச்சுக்கிட்டு நான் ஒரு காரைப் பிரிக்க முடிஞ்சுது. அம்பாசடரா இருந்தா கொட்டாயில வச்சு இப்படிக் கழட்ட முடியுமா?

இன்னொரு விசேஷம், திருப்பம். 25 அடி வட்டத்துக்குள்ள முழுசா திரும்பிடும். நுகத்தடி மாட்டைத் திருப்புற மாதிரி எங்க தெருவுலயே திருப்பலாம்.

இன்ஜின் சின்னது, 948 சி.சி. அதைப் பத்தி ஒண்ணும் பெருசா சொல்ல இல்ல. பிஸ்டன் ரிங், வால்வு, கேஸ்கட்டுன்னு பம்புசெட்டு வேலைதான். தரைத் தகடு முழுக்க அரிச்சுப் போயிருந்துது. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சுப் பத்த வைக்கவே எட்டு மாசம் ஆச்சு. இடையில சொர்ணவாரி நடவு, அறுப்புன்னு நின்னுபோனது தனி.

முன் சக்கரத்துக்கு வந்தப்பதான் கை நின்னுபோச்சு.

ஹெரால்டுல முன் சக்கரத்தைத் தாங்குற நிமிர்ந்த இரும்புத் துண்டு ஒண்ணு இருக்கு. அதோட கீழ் முனையில மரை போட்டிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள போய் நிக்கும். அந்தக் கட்டைக்கு டிரன்னியன்னு பேரு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இரும்பு மரை வெண்கலத்துக்குள்ள திரும்பும். ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. அந்த மரைக்குள்ள எண்ணெய் போகணும். கம்பெனி புத்தகத்துல கியர் பாக்ஸுக்கு ஊத்துற 90 நம்பர் ஆயிலை ஏத்தணும்னு தெளிவாப் போட்டிருக்கு. ஆனா ஏத்துறது எப்படி? திருகாணியைக் கழட்டிட்டு, கிரீஸ் ஏத்துற நிப்பிள் ஒண்ணை மாட்டி, கிரீஸ் கன்னுலதான் ஏத்தணும். கன்னுக்குள்ள கிரீஸுக்குப் பதிலா ஆயில் இருக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். நிப்பிளைப் பார்த்த எந்த மெக்கானிக் ஆயில் தேடுவான்? கிரீஸை அடிச்சு விட்டுட்டாங்க. கிரீஸ் மரைக்குள்ள முழுசா இறங்காது, நாளாவட்டத்துல கட்டியாயிடும். மழைத் தண்ணி உள்ள போய்த் துரு பிடிக்கும். மரை இருக்கிற இடம் தேஞ்சு மெலிஞ்சு, ஒரு நாள் திருப்பத்துல பட்டுன்னு ஒடியும். சக்கரம் உள்பக்கமா மடிஞ்சு, வண்டி அப்படியே மண்டி போட்டுடும்.

எங்க வண்டியில ரெண்டு பக்கமும் கழட்டினப்போ, காஞ்ச சாணி வறட்டி மாதிரி பழைய கிரீஸ். துடைச்சுப் பார்த்தா மரை பாதிக்கு மேல இல்ல. இடது பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் போட்ட வீடியோவுல இதே மாதிரி ஒண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது.

"ஹெரால்டா, சக்கரம் ஒடியுற காராச்சே"ன்னு பழைய ஆளுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. அந்தப் பேரால பல பேர் வாங்கத் தயங்கினாங்க, அதான் சீக்கிரம் கிடைச்சுது. பழி முழுக்க மெக்கானிக் மேல போட மாட்டேன். இங்கிலீஷ் புத்தகம் ஓனர் பீரோவுல இருந்துது, பட்டறைக்கு வரல. யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. கார் மேலயும் குத்தம் இல்லாம இல்ல. பின் அச்சு ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடுற மாதிரி வச்சிருந்தாங்க. பாரம் ஏத்தி வேகமா வளைச்சா பின் சக்கரம் உள்ள இழுத்துக்கும். நம்ம ஊர்ல ஒரு கார்ல எத்தனை பேர் ஏறுவோம்னு இத்தாலிக்காரருக்குத் தெரியுமா? இங்கே அப்புறம் நாலு கதவு வச்சாங்க. 1972-ல கெஸல்னு பேர் மாத்தி, பின்னாடி சாதாரண முழு அச்சே போட்டாங்க. ஆனா பேர் கெட்டது கெட்டதுதான். எழுபதுகளோட கடைசியில கார் செய்யறதையே நிறுத்திட்டாங்க. 1985-ல ஸ்டாண்டர்டு 2000-ன்னு பெரிய கார் ஒண்ணு விட்டாங்க. மேல் உடம்பு ரோவர், உள்ள அந்தப் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜின், அதாவது நம்ம டிராக்டர் சொந்தக்கார இன்ஜின். மாருதி வந்த பிறகு அவ்வளவு பெட்ரோல் குடிக்கிற காரை யார் வாங்குவாங்க? 1988-ல எல்லாம் முடிஞ்சுது.

இப்போ பெரியப்பா கதை.

அவர் எழுபதுகள்ல டவுன்ல ஒரு டாக்டருக்கு டிரைவர். எங்க வம்சத்துல முதல்ல காக்கிச் சட்டை போட்டு மாசச் சம்பளம் வாங்கினவர். டாக்டர் வச்சிருந்ததும் ஹெரால்டுதான். 1974-ல ஒரு ராத்திரி, செஞ்சி ரோட்டுல எதிர்ல வந்த மாட்டு வண்டிக்காக வளைச்சிருக்கார். முன் சக்கரம் மடிஞ்சு கார் பள்ளத்துல இறங்கிடுச்சு. யாருக்கும் அடி இல்ல. ஆனா டாக்டர், "தூக்கத்துல பள்ளத்துல விட்டுட்டான்"னு சொல்லி வேலையை விட்டு அனுப்பிட்டார். குடிச்சிருந்தார்னும் ஊர்ல ஒரு பேச்சு. எனக்கு அப்போ ஆறு வயசு. அதுக்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல. ஆடு மேய்ச்சார், ஏரி மதகு பார்த்தார். "சக்கரம் ஒடிச்சான்"னு ஒரு பட்டப்பேரு. பெரியம்மாகூட சண்டையில அதைச் சொல்லிக் காட்டுவாங்க.

அந்த விரிசல் விட்ட துண்டைத் துடைச்சு எடுத்துக்கிட்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். 80 தாண்டியாச்சு, கண்ணு சரியா தெரியாது. கையால தடவித் தடவிப் பார்த்தார். நான் கிரீஸ், ஆயில் கதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல.

"ரெண்டு பக்கமுமா இப்படி?"ன்னார்.

"ஆமா பெரியப்பா."

"மாசாமாசம் பட்டறையில விட்டு கிரீஸ் அடிச்சிட்டு வருவேண்டா. நானேதான் ஓட்டிக்கிட்டுப் போவேன்" அப்படின்னார். அப்புறம் துண்டைத் திருப்பிக் குடுத்துட்டு உள்ள போய்ப் படுத்துட்டார். எனக்குச் சொன்னது சரியா தப்பான்னே தெரியல. அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடலைன்னு பெரியம்மா வந்து என்னைத் திட்டினாங்க.

இங்கிலாந்துலிருந்து ரெண்டு பக்கத்துக்கும் புதுசு வரவழைச்சேன். அங்கே ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே பாகம்தான், அதனால இன்னும் செய்யறாங்க. வந்த பார்சலைப் பிரிக்கிற அன்னிக்குப் பெரியப்பா தடியை ஊணிக்கிட்டுத் தானாவே கொட்டாய்க்கு வந்தார். "கன்னைக் குடு"ன்னார். 90 ஆயிலை ஊத்தி, மரை வழியா எண்ணெய் வழியுற வரைக்கும் அவரே அமுக்கினார். இப்பவும் அந்த வேலையை வேற யாரையும் செய்ய விடறதில்ல.

இதுவரைக்கும் ஆன செலவு, வாங்கின காசையும் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம். 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல அரசாங்கம் தனிப் பதிவு கொண்டுவந்திருக்கு. வி.ஏ.ன்னு எழுத்து போட்ட நம்பர், 20,000 ரூபா கட்டணும், தினப்படிக்கு ஓட்டக் கூடாது. அடுத்த மல்லாட்டை விக்கட்டும்னு இருக்கேன். அதுவரைக்கும் களத்துமேட்டைச் சுத்தி ஒரு வட்டம், அவ்வளவுதான். பெரியப்பா இடது பக்கம் உட்காருவார். ஓட்டுறீங்களான்னு ரெண்டு தடவை கேட்டேன். வேணாம்னுட்டார். அந்தப் பக்கக் கதவுக்குக் கண்ணாடி இன்னும் கிடைக்கல.