ஜான் பிரெடெரிக் லூயிஸ்

லூயிஸ், ஜான் பிரெடெரிக் (1804–1876): ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர். எகிப்தின் கெய்ரோ நகரில் பத்தாண்டு வாழ்ந்து, அந்நகரையே தம் கலைக்குப் பொருளாக்கியவர்.

இலண்டனில் செதுக்கோவியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பிரெடெரிக் கிறிஸ்டியனும் தம்பி சார்லஸ் ஜார்ஜும் உலோகத் தகடுகளில் படம் செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். மயிரிழைக் கோட்டிலும் பிசகாத லூயிஸின் கை அந்தப் பட்டறையில் பழகியதே. இளமையில் விலங்குகளைத் தீட்டினார். விலங்கோவியர் எட்வின் லேண்ட்சீர் அவருடைய தோழர். சிங்கம், புலிகளைக் கூண்டருகே நின்று பார்த்து வரைந்தார். 1829இல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் முழு உறுப்பினரானார். 1832 முதல் 1834 வரை ஸ்பெயினில் சுற்றி, அல்ஹம்ப்ரா அரண்மனைக் காட்சிகளைக் கல்லச்சில் வெளியிட்டபின் ‘ஸ்பானிய லூயிஸ்’ என்றே அழைக்கப்பட்டார்.

ரோம், கான்ஸ்டான்டிநோபிள் வழியாக 1841இல் கெய்ரோ சேர்ந்தார். 1844இல் அவரைக் கண்ட நாவலாசிரியர் தாக்கரே, துருக்கிய உடையில் சோம்பிக் கிடக்கும் பிரபுவாக அவரைச் சித்திரித்தார். அச்சித்திரம் பொருந்தாது. கடைத்தெரு, மசூதி முற்றம், ஒட்டகம், பாலைவனக் கூடாரம் என அவர் வரைந்து குவித்த நூற்றுக்கணக்கான படங்கள் இடைவிடாத உழைப்புக்குச் சான்று.

1850இல் இலண்டனில் காட்சிக்கு வந்த ‘ஹரீம்’ (அந்தப்புரம்) எனும் ஓவியம் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையையே ஒளியாக விட்டுவைப்பது வழக்கம். லூயிஸோ வண்ணத்தில் வெள்ளையைக் கலந்து, நுண்தூரிகையால் புள்ளி புள்ளியாக ஒளியைக் கட்டினார். மஷ்ரபியா எனும் மரப்பின்னல் சாளரத்தின் வழியே நுழையும் வெயில், பட்டுத்துணியிலும் சுவரிலும் தரையிலும் சிதறிக் கிடப்பதை அவரளவுக்கு வேறெவரும் காட்டியதில்லை. கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் அவரைப் பெரிதும் பாராட்டினார். அந்தப்புரக் காட்சிகளில் கட்டடமும் தட்டுமுட்டுப் பொருள்களும் நேரில் கண்டவை, நிகழ்ச்சிகள் கற்பனை. ஏனெனில், அயல் ஆடவருக்கு அங்கே அனுமதி இருக்கவில்லை. 1847இல் அலெக்சாந்திரியாவில் மணந்த மனைவி மேரியனே பிற்காலப் படங்கள் சிலவற்றுக்கு மாதிரி.

1851இல் நாடு திரும்பினார். 1855இல் சங்கத் தலைவரானபோதும், நீர்வண்ணத்தின் கடும் உழைப்புக்கேற்ற வருவாய் இல்லையென்று 1858இல் விலகி எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். 1865இல் ராயல் அகாதெமி உறுப்பினரானார். வால்டன்-ஆன்-தேம்ஸில் காலமானார்.

இவருடைய படங்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், டேட் கலைக்கூடம் முதலிய இடங்களில் உள்ளன.