நந்தியாற்றங்கரைக் கற்றளியும் பல்லவன் வெண்பாவும்

தணிகை என்றவுடன் மலையும் அதன்மேல் எழுந்தருளிய முருகனுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அருணகிரியாரின் திருப்புகழும் கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணமும் நம் நெஞ்சை மலைமேலேயே நிறுத்திவிட்டன. ஆயின், இவ்வூரின் தொன்மையை ஆராயப் புகுவார், படியேறுமுன் நந்தியாற்றங்கரையின் அமைதியான பகுதியில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயிலைக் காணல் வேண்டும். அட்டவீரட்டங்களுள் ஒன்றாக இஃது எண்ணப்படவில்லை; எனினும் தமிழிலக்கிய வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு என்பது நம் துணிபு.

இது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அபராசித பல்லவன் காலத்தில் எழுந்த கற்றளி. யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட அமைப்பினது. இதனை எடுப்பித்தவன் மன்னன் அல்லன். நம்பி அப்பி என்பான். அச்செய்தியைக் கல்வெட்டு ஒரு வெண்பாவாகவே கூறுகின்றது. அவ்வெண்பாவைப் பெருமானடிகளே பாடியருளினார் என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டுள்ளது. பெருமானடிகள் என்றது அபராசிதனையே என்பர் கல்வெட்டறிஞர். குடிமகன் ஒருவனின் திருப்பணியை நாடாளும் வேந்தன் தன் வாயாற் பாடினான் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

இதன் அருமையைப் பல்லவர் கால நூல்களோடு ஒப்பிட்டு உணரலாம். மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனத்தை வடமொழியில் இயற்றினான். நந்திக் கலம்பகம் மூன்றாம் நந்திவர்மன்மீது பிறர் பாடியது. க்ஷேத்திரத் திருவெண்பா பாடிய ஐயடிகள் காடவர்கோன் பல்லவ மரபினர் எனினும், அவர் இன்ன மன்னர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தணிகை வெண்பாவிலோ பாடியவனும் பாடப்பெற்றவனும் பாடலுக்குரிய கட்டடமும் ஒருங்கே விளங்குகின்றனர். ஏடுகளிற் போலப் படியெடுப்போரால் பாடம் திரிதற்கும் இங்கு இடமில்லை.

1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுள் அடங்கிய திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பின், 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை வழக்கின் சான்றாக மட்டும் இவ்வெண்பாவைக் கொள்ளுதல் அதன் பெருமையைச் சுருக்குவதாகும். 1977-இல் அண்மையிலுள்ள வேலஞ்சேரியிற் கிடைத்த அபராசிதன் செப்பேடு வடமொழியும் தமிழும் கொண்டது. தணிகைமலை முருகனுக்கு அவன் அளித்த கொடையைக் கூறுவது. மலைக்குப் பொருளீந்தவன் ஆற்றங்கரைக்குப் பாட்டீந்தான். இருமொழி வழங்கிய அரசவையில், தன் பாட்டிற்கு அவன் தமிழைத் தேர்ந்தமையே நாம் கருதற்பாலது.

கோயிற்சுவர் அக்காலத்து ஊரின் ஆவணக்களரி. இங்கு அது புலவன் ஏடுமாயிற்று. மயிலை சீனி. வேங்கடசாமியார் சாசனச் செய்யுள் மஞ்சரியால் காட்டிய வழியில், இத்தகைய செய்யுட்களை இலக்கியமாகவே பயிலுதல் நம் கடன். திருப்பணியின் பெயரால் ஓரெழுத்துச் சிதையினும், அதனை மீட்டுத்தர மாற்றேடு இல்லை.