வெண்டிலேட்டரை அடைக்கலாமா?

தாத்தா கட்டின வீட்டுக்கு ஏசி மாட்ட வந்தவர், "சார், மேல இருக்கற வெண்டிலேட்டரை சிமெண்ட் வெச்சு அடைச்சிடலாமா?" என்றார். "பாத்ரூம்லயும் அடைச்சிடுப்பா, பல்லி வருது" என்றார் அம்மா. நான் ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குப் பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்று பலர் நம்பினார்கள். 1858இல் மியூனிக்கின் பெட்டன்கோஃபர், அறைக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்றார். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி 1863இல் வந்த ராயல் கமிஷன் அறிக்கையும் படைவீரர் குடியிருப்புகளின் காற்றோட்டத்தை அலசியது.

காலரா தண்ணீரில்தான் பரவுகிறது. ஆக, அவர்கள் சொன்ன காரணம் தப்பு. ஆனா ஓட்டை சரிதான். சூடான காற்று மேலே ஏறி அது வழியா வெளியேறும். காசநோயும் கொரோனாவும் நிஜமாகவே காற்றில் பரவுபவை. சாதாரண ஸ்ப்ளிட் ஏசியோ உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

அதனால் படுக்கையறைக்கு சிமெண்ட் வேண்டாம், திறந்து மூடும் கண்ணாடிக் கதவு போதும் என்று முடிவு செய்தேன்.

பாத்ரூமில் இருப்பது கேஸ் கீசர். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு வாசனையே கிடையாது. குளிப்பவர் மயங்கி விழும்வரை தெரியாது. கீசரை வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ஓட்டை அப்படியே இருக்கும். பல்லிக்குக் கம்பி வலை.