மனநோய் மருந்தாய்வு: லித்தியம், குளோசபின், லாமோட்ரிஜின்

இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு, ஆளுமைக் கோளாறு ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகள் யாருக்கு எந்த அளவு பயன்படுகின்றன, என்ன தீங்கு செய்கின்றன என்பதை நோயாளிகளிடையே முறையாக ஒப்பிட்டு அறிவதே மனநோய் மருந்தாய்வு. சர்க்கரை நோய்க்கு மருந்து வேலை செய்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மனநோய்க்கு அப்படி ஒரு பரிசோதனை இல்லை. தூக்கத்தையும் பேச்சையும் நடத்தையையும் கவனித்து, நோயாளி சொல்வதையும் வீட்டார் சொல்வதையும் கேட்டுத்தான் மருத்துவர் மதிப்பிட வேண்டியிருக்கிறது. நோயும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும், சில சமயம் தானாகவே தணியும். நிலைமை மிகவும் முற்றிய பிறகே நோயாளியை அழைத்துவருவதால், அதன் பின் வரும் மாற்றம் பெரும்பாலும் முன்னேற்றமாகவே தோன்றும். அந்தப் பெருமை அப்போது கொடுத்த மாத்திரைக்குப் போய்ச் சேரும். ஆகவே மருந்து கொடுத்தவரின் அனுபவமும் நம்பிக்கையும் இத்துறையில் தனியே சான்றாகமாட்டா. அந்த மருந்தைப் பெறாத, மற்றபடி ஒத்த நிலையில் உள்ள இன்னொரு குழு பக்கத்தில் இருந்தாக வேண்டும். மூன்று மருந்துகளின் வரலாறு இதை நிறுவுகிறது. அத்தகைய ஒப்பீடு ஒரு மருந்தின் மீதிருந்த ஐயத்தைத் தீர்த்தது, கைவிடப்பட்ட இன்னொன்றை மீட்டது, மூன்றாவதன் மீதிருந்த நம்பிக்கை தவறு என்று காட்டியது.

லித்தியம்

சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்து திரும்பிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மெல்போர்னை அடுத்த பண்டூரா மருத்துவமனையில் இருமுனைக் கோளாற்றின் பித்து நிலையில் இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்தார். முடிவுகளை 1949 செப்டம்பரில் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளாகப் பித்து தணியாமல் இருந்த 51 வயதுக்காரர் ஒருவர் சில மாதங்களில் வீடு திரும்பினார். லித்தியம் பெற்ற, மனச்சிதைவு கொண்ட ஆறு பேரில் சிலருக்குக் கொந்தளிப்பு அடங்கியதே தவிர, நோய் மாறவில்லை என்பதையும் கேட் மறைக்காமல் எழுதினார். ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. மருந்தின் அளவும் உறுதிப்படவில்லை. வீடு திரும்பிய அந்த முதல் நோயாளியே 1950இல் லித்திய நச்சால் இறந்தார். அமெரிக்காவில் சாதாரண உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை உண்ட இதய நோயாளிகள் சிலரும் 1949இல் இறந்ததால் மருந்தின் பெயர் மேலும் கெட்டது.

லித்தியத்தைப் பாதுகாப்பாகக் கையாள வழி செய்தது ஓர் அளவுகோல். தீச்சுடரில் லித்தியம் செந்நிறமாக ஒளிரும். அந்த ஒளியின் வலுவை அளந்து இரத்தத்தில் எவ்வளவு லித்தியம் உள்ளது என்று கணிக்கும் சுடரொளிமானி மருத்துவமனைகளுக்கு வந்தது. இன்று கருவிகள் மாறியிருந்தாலும் நடைமுறை அதுதான்: கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். நீண்டகாலச் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருப்பது பொதுவான இலக்கு. 1.5ஐத் தாண்டினால் கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பயன்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகியது. கடும் வயிற்றுப்போக்கோ, வலிக்குக் கடையில் வாங்கும் இபுபுரோஃபெனோ கூட அந்த எல்லையைத் தாண்டவைக்கலாம்.

டென்மார்க்கின் ரிஸ்கோவ் மருத்துவமனையில் மோகன்ஸ் ஸ்காவ் 1954இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு லித்தியமா, மருந்தில்லாத வெற்று மாத்திரையா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார். பித்தைத் தணிக்க லித்தியம் உதவுவது அதில் தெரிந்தது. நோய் மீண்டும் வராமல் அது தடுக்குமா என்பது அடுத்த கேள்வி. 1967இல் டென்மார்க் மருத்துவர் பாஸ்ட்ரப்பும் ஸ்காவும் 88 பெண் நோயாளிகளின் பல ஆண்டுக் குறிப்புகளைக் காட்டி, தடுக்கும் என்றனர். மறு ஆண்டே லண்டனிலிருந்து மனநல மருத்துவர்கள் பிளாக்வெல்லும் ஷெப்பர்டும் இது இன்னொரு மருத்துவக் கட்டுக்கதையா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். அவர்களின் வாதம் கடுமையானது, சரியானதும் கூட. அடிக்கடி நோய் தாக்கியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடர்ந்தால் எந்த மருந்தும் இல்லாமலே அடுத்த ஆண்டுகள் சற்று மேலாகத் தெரியும். பார்ப்பவரும் மருந்தில் நம்பிக்கை உள்ளவர்.

பயன் தரும் என்று தாம் நம்பும் மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுப்பது அறமா என்று தயங்கிய டென்மார்க் குழு, கடைசியில் அதைச் செய்தது. ஏற்கெனவே லித்தியம் எடுத்துவந்த 84 பெண்களில் 45 பேருக்கு அதே மருந்தும் 39 பேருக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. நோய் திரும்பியவுடன் மீண்டும் லித்தியம் கொடுக்கப்பட்டது. ஐந்து மாதங்களில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் பெற்றவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 1970இல் வெளிவந்த இந்த முடிவு விவாதத்தின் போக்கை மாற்றியது. 2010இல் 330 பேரிடம் நடந்த பேலன்ஸ் ஆய்வு லித்தியத்தை இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட்டோடு ஒப்பிட்டது. நோய் திரும்பியவர்கள் லித்தியக் குழுவில் 59 விழுக்காடு, வால்ப்ரோயேட் குழுவில் 69 விழுக்காடு, இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 54 விழுக்காடு. லித்தியம் நோயை முழுதும் ஒழிக்கும் மருந்தன்று என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன.

குளோசபின்

மனச்சிதைவுக்கான குளோசபினில் சிக்கல் நேர்மாறானது: மருந்தின் தீங்கு எல்லோர் கண்ணிலும் பட்டது, நன்மைக்குச் சான்று தேவைப்பட்டது. 1975இல் பின்லாந்தில் இதை எடுத்தவர்களில் சிலருக்கு இரத்த வெள்ளையணுக்கள் அறவே குறைந்து, தொற்று ஏற்பட்டு, உயிரிழப்புகள் நேர்ந்தன. பல நாடுகள் மருந்தை விலக்கின அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தின. மற்ற மருந்துகளால் பலன் காணாதவர்களுக்கு இது உதவுகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் தொடர்ந்து சொன்னார்கள். அதுவும் அனுபவச் சொல்தான். ஜான் கேன் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 1988இல் வெளியான ஆய்வு, வேறு மருந்துகள் பயனளிக்காத 268 பேரை மட்டுமே சேர்த்துக்கொண்டு, ஆறு வாரம் குளோசபினையும் பழைய மருந்தான குளோர்புரோமசினையும் ஒப்பிட்டது. தெளிவான முன்னேற்றம் கண்டவர்கள் குளோசபின் குழுவில் 30 விழுக்காடு, மற்றதில் 4 விழுக்காடு. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, முறையான இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை எவ்வளவு உயிர்களைக் காத்தது என்பதை 1993இல் வெளியான கணக்கு காட்டுகிறது. கண்காணிப்பில் இருந்த 11,555 பேரில் 73 பேருக்கு வெள்ளையணுக் குறைவு கடுமையாக ஏற்பட்டது, இறந்தவர்கள் இருவர். தீங்கை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருந்தால் ஆபத்தான மருந்தும் பயன்படுத்தத் தக்கதாகிறது. அதே வேளையில் வெள்ளையணுவை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதும் தவறு. குளோசபின் உண்டாக்கும் கடும் மலச்சிக்கலும் உயிரைப் பறிக்கக்கூடும். முதல் சில வாரங்களில் இதயத் தசை அழற்சி வரலாம். எடையும் சர்க்கரையும் ஏறும்.

லாமோட்ரிஜின்

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனநிலை ஒரே நாளுக்குள்ளேயே பலமுறை மாறும். தம்மைக் காயப்படுத்திக்கொள்வதும் உண்டு. இருமுனைக் கோளாற்றில் மனநிலையைச் சீராக்கும் மருந்தான லாமோட்ரிஜின் இங்கும் சீராக்கும் என்று எண்ணுவது இயல்பு. சிறிய ஆய்வுகள் சிலவும் நம்பிக்கை தந்தன. இங்கிலாந்தில் மைக் கிராஃபோர்டு தலைமையில் 276 பேரிடம் ஓராண்டு நடந்த லேபில் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அறிகுறிகளின் கடுமையைக் குறிக்கும் மதிப்பெண் ஆண்டு முடிவில் லாமோட்ரிஜின் குழுவில் சராசரி 11.3, வெற்று மாத்திரைக் குழுவில் 11.5. வேறுபாடு இல்லை என்றே பொருள். மாத்திரையைப் பலர் ஒழுங்காக எடுக்கவில்லை. ஆனால் ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை.

இந்த ஆய்வில் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு குழுவினரும் தொடக்கத்தில் இருந்ததைவிட முன்னேறினார்கள். வெற்று மாத்திரைக் குழு இல்லாதிருந்தால், லாமோட்ரிஜின் வேலை செய்கிறது என்று ஒவ்வொரு மருத்துவரும் தம் கண்ணால் கண்டதாகவே உறுதி கூறியிருப்பார்; அதில் பொய்யும் இருந்திராது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009லேயே இக்கோளாறுக்கென்று தனியாக மருந்து தர வேண்டாம் என்று வழிகாட்டியிருந்தது. இவர்களுக்கு உதவி இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மார்ஷா லினஹான் உருவாக்கிய பேச்சுவழிச் சிகிச்சை 1991 முதல் இதே ஒப்பீட்டு முறையில் சோதிக்கப்பட்டு, தம்மைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதாகக் காட்டியிருக்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

ஆய்வில் சேர்பவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், காலமும் சில வாரங்கள்தான். அன்றாட மருத்துவத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது முதல் மறுப்பு. இது நியாயமானது. இதற்கு விடையாக அமைந்தது 2005இல் வெளியான கேட்டி ஆய்வு. அமெரிக்க அரசு நிதியில், வேறு நோய்களும் உள்ள சாதாரண மனச்சிதைவு நோயாளிகள் 1,493 பேரை அது 18 மாதங்கள் பின்தொடர்ந்தது. தமக்குத் தரப்பட்ட மருந்தை 74 விழுக்காட்டினர் காலம் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். விலை கூடிய புதிய மருந்துகளில் பெரும்பாலானவை, பழைய மருந்தான பெர்ஃபினசினைவிடத் தெளிவாக மேலானவை என்று நிலைநாட்ட முடியவில்லை. குறைபட்ட ஆய்வுக்கு மருந்து, மேலான ஆய்வு.

ஆய்வுக்குப் பணம் தருபவை மருந்து நிறுவனங்கள் என்பது இரண்டாவது மறுப்பு. காப்புரிமை இல்லாத லித்தியத்துக்காகச் செலவிட எந்த நிறுவனத்துக்கும் ஆர்வம் இல்லை என்பதும் உண்மை. கேட்டி போன்ற ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் தேவை என்பதுதான் இதிலிருந்து எழும் முடிவு.

மூன்றாவது மறுப்பு ஆழமானது: 1970 ஆய்வில் லித்தியத்தைத் திடீரென நிறுத்தியதே நோயைத் திருப்பியிருக்கலாம். திடீர் நிறுத்தம் பித்தைத் தூண்டும் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆகையால் அந்த 21க்குப் பூஜ்யம் என்ற எண் நன்மையைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டியிருக்கக்கூடும். ஆனால் மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களிடம் நடந்த பிந்தைய ஆய்வுகளிலும் நோய்த்தடுப்புப் பயன் நிலைத்தது. லித்தியத்தின் மீதான எல்லா நம்பிக்கையும் அப்படி நிலைக்கவில்லை. தற்கொலையைத் தடுப்பதாகப் பல ஆய்வுகள் சுட்டியிருக்க, 519 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு லித்தியத்தைச் சேர்த்ததால் தற்கொலை முயற்சி முதலியவை குறையவில்லை. விரும்பும் மருந்துக்கு எதிராகவும் விடை வர இடம் இருப்பதால்தான், ஆதரவாக வரும் விடைக்கும் மதிப்பு இருக்கிறது.

1970 ஆய்வில் நோய் திரும்பிய அந்த 21 பெண்களின் துன்பத்திலிருந்துதான் லித்தியம் பற்றிய அறிவின் பெரும்பகுதி வந்தது. இன்று ஒப்புதல் இல்லாமல் யாரையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது நெறி. ஆனாலும் வெற்று மாத்திரை பெறுபவர் ஒருவர் பிறருக்காக ஆபத்தை ஏற்கிறார் என்பது மாறவில்லை. அப்படிப்பட்டவர்கள் வழியே கிடைத்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இரத்தம் பார்க்காமல் லித்தியம் எழுதுவதும், மற்ற மருந்துகள் பயனளிக்காதவருக்குக் குளோசபினைப் பற்றிச் சொல்லாமலே ஆண்டுகளைக் கடத்துவதும், ஆளுமைக் கோளாறுக்கு மாத்திரை மேல் மாத்திரை சேர்ப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.