தஞ்சோங் பகாரில் ஒரு கடையநல்லூர்

ஹிஜ்ரத் செய்து மதீனா சேர்ந்த முதல் நாட்களில் முஹாஜிரீன்களைக் கடுங்காய்ச்சல் வாட்டியது. அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் நோயுற்றுப் படுத்தனர். காய்ச்சல் சற்றே தணியும் வேளைகளில் பிலால் (ரலி) அவர்கள் மக்கத்துப் பள்ளத்தாக்கையும் அதன் புல்லையும் சுனையையும் குன்றுகளையும் பெயர் சொல்லி ஏங்கியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. பிலால் குறைஷியர் அல்லர், அபிசீனிய வழிவந்தவர், அடிமையாயிருந்தவர். சுடுமணலில் கிடத்தி, மார்பின்மேல் பாறையை ஏற்றி அவரை வதைத்த ஊர் மக்கா. அந்த ஊருக்காகவே அவர் ஏங்கினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப்போல், அல்லது அதனினும் மிகுதியாக, மதீனாவைத் தங்களுக்கு விருப்பமான ஊராக ஆக்குமாறு இறைவனை இறைஞ்சினார்கள். இறைஞ்சியதோடு நில்லாமல் பள்ளிவாசலும், அதையொட்டி வீடுகளும், பின்னர் ஒரு சந்தையும் அமைத்தார்கள். அன்ஸாரிகளையும் முஹாஜிரீன்களையும் உடன்பிறப்புகளாகப் பிணைத்தார்கள். வந்த இடம் சொந்த ஊராவதற்கு எவையெவை வேண்டும் என்பதை அந்த வரிசையிலிருந்தே அறியலாம்.

கடல் கடந்த தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிவாசலோடு நின்றுவிடுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. கல்லும் சாந்தும் நிலைத்து நிற்கின்றன, ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. பினாங்கில் காதர் முகைதீன் காலத்தில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சிங்கப்பூரில் 1826இல் தொடங்கிய சூலியா பள்ளியான மஸ்ஜித் ஜாமிஆ, 1827இல் ஓலைக் குடிசையாக நின்றதால் குச்சுப்பள்ளி என்றே பெயர் பெற்ற அல்-அப்ரார், 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா என அந்தப் பட்டியல் நீளும். சிங்கப்பூரில் உள்ள இம்மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அன்றைக்குக் கடலலை வந்து தொட்ட தெலுக் ஆயர் தெருவில், கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் கண்டது தன் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு தர்காவை. அந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆயினும் பள்ளிவாசல் இருந்த இடமெல்லாம் மஹல்லாவாகிவிடவில்லை. 1822இல் வகுக்கப்பட்ட சிங்கப்பூர் நகரத் திட்டம், ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக்களுக்கென ஒரு கம்போங்கை ஒதுக்கியது. அவர்களோ வணிகம் நடந்த தெருக்களை நாடிச் சென்றனர். வந்தவர்கள் பெரும்பாலும் சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் பிற வணிகர்களும். தனியராய் வந்த ஆடவர்கள். கடைக்கு மேலோ உள்ளேயோ ஊர்க்காரர்களோடு சேர்ந்து தங்கி, ஈட்டியதை ஊருக்கனுப்பி, சில ஆண்டுகளுக்கொருமுறை கப்பலேறித் திரும்பினர். அவர்களின் வீடு காயல்பட்டினத்திலோ நாகூரிலோ இருந்தது. சிங்கப்பூரில் இருந்தது கடை. சிலர் மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். அந்த வழியில் உருவான ஜாவி பெரானாக்கான் சமூகம் 1876இல் முதல் மலாய் இதழையே வெளியிட்டது. மகுதூம் சாகிபு 1887இல் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழை நடத்தினார். இரண்டும் பெருமைக்குரியவையே. ஆனால் முன்னதை நடத்தியவர்களின் வீட்டில் தாய்மொழி மலாயாகியிருந்தது. பின்னதைப் படித்தவர்களின் தாயோ இந்தியாவில் இருந்தாள்.

இந்த நிலையை மாற்றியவர்கள் கடலோரத்தார் அல்லர் என்பதுதான் வியப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரம், மூல வைகைக் கரையின் மயிலாடும்பாறையிலிருந்து கம்பம், உத்தமபாளையம் வழியாகத் தென்காசிவரை கடலைக் காணாத நாடு. கம்பம் பள்ளத்தாக்கினருக்குப் பிழைப்பு தேடும் வழி மலையேறிச் சென்றது. குமுளிக்கும் ஏலக்காட்டுக்கும் போய்வருவதே அவர்களின் ‘வெளியூர்’. வெளியே செல்பவன் அறுவடைக்கோ பெருநாளுக்கோ திரும்பிவிடும் தொலைவு அது. அதே மலையின் தென்கோடியில், தறியை நம்பி வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்களுக்கும் தென்காசி முஸ்லிம்களுக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை. நெசவு நொடித்த 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் கடல் கடந்தனர். வணிக முதலோ, கப்பலோ, துறைமுகத் தொடர்புகளோ அவர்களிடம் இல்லை. அதனாலேயே மரைக்காயர் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தனர் என்பது என் கருத்து. ஊரில் விட்டுவைத்துக் காப்பாற்றும் அளவுக்குச் சொத்து இல்லாதவர்கள், மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றனர்.

அவர்கள் தங்கிய இடம் தஞ்சோங் பகார். 1864இல் கப்பல்துறை நிறுவனம் ஒன்று தோன்றி, 1905இல் அரசின் கைக்கு மாறி, 1913இல் துறைமுக வாரியமாக அமைந்த பகுதி அது. உடலுழைப்புக்கு அங்கே கூலி உண்டு. தெலுக் ஆயரின் பள்ளிவாசல்களுக்கும் நடந்தே போய்விடலாம். ஆடவர் துறைமுகத்தில் உழைத்தனர். பெண்களோ மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அம்மியில் அரைத்துச் சந்தையில் விற்றனர். அரைத்த மசாலாவைத் தமிழர் மட்டுமன்றி மலாய்க்காரரும் வாங்கினர். கல்வியோ முதலோ இல்லாமல், ஊரில் அடுக்களைக்குள் செய்த வேலையையே அந்நிய நகரில் பிழைப்பாக்கிக்கொண்ட இப்பெண்களைப் பற்றி நம் சமூக வரலாறுகளில் ஒரு முழு அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. வள்ளல்களின் பெயர்ப்பட்டியலுக்கு நாம் செலவிட்ட தாள்களில் நூற்றில் ஒன்று இவர்களுக்குப் போதும்.

பெண்கள் வந்ததும் மற்றவையும் வந்தன. பிள்ளைகள் பிறந்தனர், அப்பிள்ளைகளுக்கிடையே மணஉறவு அங்கேயே அமைந்தது. தாலாட்டும் வசவும் கடையநல்லூர்த் தமிழிலேயே ஒலித்தன. மையித்தை எடுக்கவும், நோயுற்றவரைப் பார்க்கவும், வழக்கைத் தீர்க்கவும் ஊர் வேண்டும் என்ற தேவை எழுந்தது. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது; தென்காசியாரும் தமக்கென ஒரு நலச் சங்கம் கண்டனர். மறு ஆண்டே நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945இல் ஆக்கிரமிப்பு முடிந்ததும், பஞ்சத்திலிருந்து முழுதும் மீளாத 1946ஆம் ஆண்டில், இந்த உழைப்பாளர் சங்கம் முதல் வேலையாகத் தொடங்கியது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம்.

அதற்கு உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி என்று பெயரிட்டனர். பள்ளிக்குப் பொருள் தந்தவர் பெயரையோ, ஆளும் அதிகாரியின் பெயரையோ வைத்திருக்கலாம். அன்றைக்கு அது வழக்கமே. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் சீறாப்புராண ஆசிரியரை அவர்கள் தேர்ந்தனர். பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர் என்ற மண்பற்றும் இதில் கலந்திருக்கலாம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாவின் மூன்று காண்டங்களில் இறுதியானது ஹிஜ்றத்துக் காண்டம் என்பதையும் இங்கு நினைக்கலாம். தமிழும் இஸ்லாமும் தமக்குள் முரணானவை அல்ல என்று வாதிட வேண்டிய தேவை அந்தத் தெருவுக்கு ஏற்படவில்லை. பள்ளியின் பெயர்ப்பலகையே போதுமானதாயிருந்தது. முஸ்லிமல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் அங்குப் பயின்றனர். பின்னர் உயர்நிலை வகுப்புகளும் நடந்தன.

இந்த மஹல்லா அழிந்த கதை சுருக்கமானது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் நகர மையத்தின் பழைய வீடுகள் இடிபட்டன. குடும்பங்கள் அடுக்குமாடிப் புறநகர்களுக்குப் பிரிந்து சென்றன. அவ்வீடுகளில் ஓடும் நீரும் மின்விளக்கும் கழிவறையும் இருந்தன. போனவர்களில் பலர் மகிழ்ந்தே போயிருப்பர்; இதை மறைத்துவிட்டுப் பழைமைக்காக மட்டும் கண்ணீர் வடிப்பது நேர்மையாகாது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு அடுக்குமாடித் தொகுதியிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் உச்சவரம்பு வகுத்தது. இனி ஒரே தெருவில் ஒரே ஊரார் திரண்டு வாழ்வது சட்டப்படியே இயலாததாயிற்று. இனப் பூசல்களைக் கண்ட நாடு என்ற வகையில் அரசுக்கு அதற்கான நியாயம் இருந்தது. ஆயினும் மூத்தவள் ஒருத்தி கதவைத் திறந்ததும் எதிர்வீட்டில் தன் பேச்சைக் கேட்கும் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

பள்ளி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆங்கிலக் கல்வியே வேலை தரும் என்று பெற்றோர் முடிவு செய்தபின், மாணவர் தொகை ஆண்டுதோறும் தேய்ந்து, 1982இல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளி அதுவே. மறு ஆண்டு, தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் மாணவர்களுக்காக அமைந்த நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கடையநல்லூர் லீக் இன்றும் இயங்குகிறது. தஞ்சோங் பகாரைக் கண்டிராத தலைமுறையும் அதன் நிகழ்ச்சிகளில் கூடுகிறது. தெலுக் ஆயரின் நாகூர் தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாக விளங்குகிறது. தஞ்சோங் பகாரில் அம்மியோசை கேட்ட வீடுகளுக்கு நினைவுக் கல் எதுவும் நடப்படவில்லை. அந்த ஓசையைச் சிறுவராய்க் கேட்டவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியது இன்னும் ஏராளம் இருக்கிறது.