அழுத்திய மண்கல்

சலித்த மண்ணில் கொஞ்சம் சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து, லேசாக ஈரப்படுத்தி, இரும்பு அச்சில் இட்டு அழுத்தி எடுக்கும் கட்டுமானக் கல் இது. சூளைக்குப் போகாததால் விறகும் நிலக்கரியும் மிச்சம். சிமெண்ட் சேர்ப்பதாக இருந்தால் எடையில் சுமார் 5 சதவீதம் போதும். கல்லின் தரத்துக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தர விதி உண்டு.

1950களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், சிலி நாட்டுப் பொறியாளர் ராவுல் ராமிரெஸ் வடிவமைத்த 'சின்வா-ராம்' என்ற கை இயந்திரம்தான் இதற்கு முன்னோடி. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' பிரிவு 1970களிலிருந்து இதை வளர்த்தெடுத்தது. தமிழ்நாட்டில் இதை நேரில் பார்க்கத் தோதான இடம் ஆரோவில். அங்குள்ள பார்வையாளர் மையம் இந்தக் கல்லால் எழுந்தது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருதை 1992இல் பெற்றது.

வேலையில் பாதி மண் தேர்விலேயே முடிந்துவிடும். இலைமக்கும் வேரும் கலந்த மேல்மண் கல்லுக்கு ஆகாது. அதை வழித்துத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். சிமெண்ட் சேர்க்கும் கல்லுக்கு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்பது ஆரோவில்காரர்கள் சொல்லும் நல்ல கணக்கு. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால் சரளையும் மணலும் உடனே அடியில் உட்காரும். அதன் மேல் வண்டல் படியும். களி மணிக்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். கரிசல் போலக் களி மிகுந்த மண்ணென்றால் மணல் கலந்து, சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு சேர்ப்பதே பொருந்தும்.

ஈரப்பதத்தைக் கை சொல்லும். கலவையை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். அப்படியே நின்றால் தண்ணீர் கூடிவிட்டது. பொடியாகச் சிதறினால் போதவில்லை.

அச்சிலிருந்து வந்த கல் பார்வைக்குக் கெட்டியாகத்தான் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு நாள் பாலிதீன் மூடியும், பிறகு நனைத்தும், மொத்தம் 28 நாள் பதப்படுத்த வேண்டும். அவசரப்பட்டுச் சுவரேற்றி, ஓரம் உதிர்ந்ததும் மண்ணைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. மழைச்சாரலைத் தாங்க உயரமான கருங்கல் அடித்தளமும் வெளியே நீண்ட தாழ்வாரமும் அவசியம். மண் தோண்டிய பள்ளம் மழைநீர்த் தொட்டியாகும்.

மண்கல் சுவருக்கு மேல் வழக்கமான கான்கிரீட் தளம் போட்டால் மிச்சப்படுத்தியதில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும். இதற்கு வழி காட்டியவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007). தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது, அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. கம்பிகளுக்கு இடைப்பட்ட அந்த இடத்தில் ஒதுக்கப்பட்ட மங்களூர் ஓடுகளைப் பதித்தார். தளத்தின் எடை குறைந்தது, சிமெண்டும் குறைந்தது. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி உள்ளே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையையும் அவர் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். இடையிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும்.

களி மண்ணே கிடைக்காத இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் கைகொடுக்கும். இதற்கும் சூளை வேண்டாம். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் நீர்நிலைகளில் படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, அது சுவருக்குள் அடங்குவதன் அருமை புரியும். ஆனால் ஆலையிலிருந்து வெகுதூரம் லாரியில் வந்தால் அந்த ஆதாயம் டீசலில் கரைந்துவிடும்.

சுவரும் தளமும் போக, கதவுக்கும் நிலைக்கும் வேண்டிய பழைய மரத்துக்குக் காரைக்குடிச் சந்தையை நாடுவோர் பலர். இடிந்த வீட்டின் தேக்கை வாங்குவது மறுபயன்பாடு. விற்பதற்காகவே நல்ல செட்டிநாட்டு வீட்டைப் பிரித்தால் அதை அப்படிச் சொல்ல முடியாது. எதுவானாலும் நிலையையும் கதவையும் சுவர் எழுப்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். பழைய நிலைகள் இன்றைய அளவுகளுக்கு அடங்குவதில்லை. வாசலைத்தான் அவற்றுக்கேற்ப விட வேண்டியிருக்கும்.